ஹெட்டில் கை வைக்கும் முன்

அன்புள்ள மருமகனுக்கு,

  

ஓட்டாரி எம்.எக்ஸ். 5050 ஸ்பூல் டேப் ரெக்கார்டர் ஒன்று வாங்கியிருப்பதாக எழுதியிருந்தாய். உன் தாத்தா சபாக்களுக்கு ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போய்ப் பிடித்து வைத்த கச்சேரிகளை அதில் போட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றப்போவதாகவும் சொல்லியிருக்கிறாய். படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. அந்த ஸ்பூல்களை யாராவது எடுப்பார்களா என்று பல வருஷமாக எனக்கு ஒரு கவலை இருந்தது.

டேப்பைப் படிக்கிற ஹெட்டையும் லெவலையும் சரியாக நிறுத்துகிற அலைன்மென்ட்டை நானே செய்துகொள்ளலாமா, ஆள் வைத்துச் செய்வதா என்று கேட்டிருக்கிறாய். டெக்னீஷியன் கேட்கிற கூலியோடு கொஞ்சம் போட்டால், அளவு தெரிந்த ஒலிகள் பதிந்த டெஸ்ட் டேப்பே வாங்கிவிடலாமே என்பது உன் கணக்கு. ஆனால் இது காசை மட்டும் பார்த்து முடிவெடுக்கிற விஷயம் இல்லை தம்பி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் தடவை ஆளைக் கூப்பிடு. அவர் வேலை செய்யும்போது பக்கத்திலேயே உட்கார்ந்து பார். அதற்கப்புறம் அலைன்மென்ட் உன் வேலை. அதை யாரிடமும் கொடுக்காதே. உன் அம்மாவின் வீணைக்கு நம் வீட்டில் என்ன வழக்கம்? ஸ்ருதியை அவளேதான் சேர்த்துக்கொள்கிறாள். மெழுகு தளர்ந்து மேளம் கட்ட வேண்டி வந்தால் மட்டும் அதற்கென்று இருக்கிறவரை வரவழைக்கிறோம். இதையும் அப்படியே வைத்துக்கொள்.

முதல் தடவை ஆள் எதற்கு என்று கேட்பாய். பல வருஷம் ஓடாமல் கிடந்த இயந்திரத்துக்கு நேரடியாக அலைன்மென்ட் செய்ய முடியாது. எலக்ட்ரோலிடிக் கபாசிட்டர்கள் காய்ந்திருக்கும். உள்ளே இருக்கிற சின்னச் சின்ன ட்ரிம்பாட்கள் களிம்பேறி, தொட்டாலே அளவு துள்ளும். இன்றைக்குச் சரியாக வைத்த லெவல் நாளைக்கு வேறாக இருக்கும். பிஞ்ச் ரோலர் ரப்பர் இறுகியிருந்தால் டேப் சீராக ஓடாது. பிரேக் இரண்டு பக்கமும் சமமாகப் பிடிக்காவிட்டால் ஸ்டாப் அழுத்தியதும் டேப் தொய்ந்து விழும், இல்லையென்றால் இழுபட்டு நீளும். இவ்வளவையும் சரிசெய்த பிறகுதான் அலைன்மென்ட்டுக்கே போகவேண்டும். இன்னொன்று, பழைய இயந்திரங்களில் மெயின்ஸுக்குக் குறுக்கே காகிதக் கபாசிட்டர் வைத்திருப்பார்கள். வயதானால் அது வெடிப்பு விட்டு ஈரம் குடித்து, ஒரு நாள் புகையத் தொடங்கும். அங்கே இருப்பது 230 வோல்ட். பவர் சப்ளை பக்கம் நீ கை வைக்கக் கூடாது. இது நான் கண்டிப்பாகச் சொல்வது.

ஹெட்டையும் அவரே பார்க்கட்டும். ஒரு டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பார்த்தால் டேப் உரசி உரசித் தட்டையான பட்டை தெரியும். அந்தப் பட்டை மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருந்தால் ஹெட் நேராக நிற்கவில்லை என்று அர்த்தம். ஓரத்தில் நகம் தட்டுகிற அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் மறுபடி தேய்த்துச் சமமாக்கி ‘லேப்’ செய்ய வேண்டும். அது உன்னாலும் ஆகாது, என்னாலும் ஆகாது. அதற்கென்று தனிக் கருவியும் கையும் வேண்டும்.

யாரைக் கூப்பிடுவது என்பதில் அவசரப்படாதே. வருகிறவரிடம் எந்த டெஸ்ட் டேப் வைத்திருக்கிறார், அதன் காந்த அளவு எத்தனை நானோவெபர் என்று கேள். அமெரிக்காவின் எம்.ஆர்.எல். டேப் என்றோ அதற்கு நிகரான வேறொன்று என்றோ தயங்காமல் சொன்னால் நல்லது. “எனக்குக் காதே போதும்” என்று சொன்னால் நன்றி சொல்லி அனுப்பிவிடு. ஒரிஜினலிலிருந்து எடுத்த காப்பி வைத்திருக்கிறேன் என்றாலும் வேண்டாம். காப்பி எடுத்த இயந்திரத்தில் என்ன பிழை இருந்ததோ அது அப்படியே உன் இயந்திரத்துக்கும் வந்துவிடும். தொடுமுன் என்ன அளவு, தொட்ட பின் என்ன அளவு என்று எழுதிக் கொடுப்பாரா என்றும் கேட்டுக்கொள். தொழில் தெரிந்தவர் இதற்குக் கோபப்பட மாட்டார், சந்தோஷப்படுவார்.

இனி உன் வேலைக்கு வருகிறேன்.

தினமும் இயந்திரத்தை ஓட்டுமுன் ஹெட்டையும் டேப் உரசுகிற கைடுகளையும் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சால் துடை. ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும், தண்ணீர் கலக்காததாகப் பார்த்து வாங்கு. பிறகு ஹெட்டில் ஏறிய காந்தத்தை நீக்க டீமேக்னடைஸ் செய். இயந்திரத்தை அணைத்துவிடு. டேப்புகளை வேறு அறையில் வை. டீமேக்னடைசரைக் கை நீட்டும் தூரத்தில் தள்ளிப் பிடித்து ஆன் செய்து, மெதுவாகக் கிட்டே கொண்டுவந்து, ஹெட்டின் மேல் தடவுவதுபோல் நகர்த்தி, அதைவிட மெதுவாகப் பின்னால் எடுத்து, தூரத்தில் வந்தபிறகே அணை. ஹெட்டுக்குப் பக்கத்தில் வைத்து அணைத்தால் காந்தம் போவதற்குப் பதில் ஏறிவிடும். காந்தமேறிய ஹெட்டில் டெஸ்ட் டேப் ஓடினால் அதிலுள்ள உயர் அதிர்வெண்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழியும். அதனால் டெஸ்ட் டேப்பைத் தொடுமுன் இதைத் தவறவிடாதே. ரெக்கார்ட் சுவிட்சுகள் இரண்டும் ‘சேஃப்’ நிலையில் இருக்கின்றனவா என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்.

டெஸ்ட் டேப் வாங்கும்போது இரண்டு விஷயம் கவனி. ஒன்று ஈக்வலைசேஷன், அதாவது மேல் ஸ்தாயியை எவ்வளவு ஏற்றி இறக்குவது என்ற தரம். நொடிக்கு 19 சென்டிமீட்டர் வேகத்தில் என்.ஏ.பி. என்றால் 50 மைக்ரோசெகண்ட், ஐ.ஈ.சி. என்றால் 70. மாறிப்போனால் மேல் ஸ்தாயி ஏறக்குறைய 3 டெசிபெல் கூடிவிடும், அல்லது குறைந்துவிடும். தாத்தாவின் ரெக்கார்டர் ஜப்பான் இயந்திரம், அதனால் பெரும்பாலும் என்.ஏ.பி.யாகத்தான் இருக்கும். இரண்டாவது, டேப்பின் காந்த அளவு. 185, 250, 320 என்று பல உண்டு. உன் கையில் 250 இருந்து, இயந்திரத்தை 320-க்கு வைக்க வேண்டுமென்றால் மீட்டர் சைபரில் நிற்கக் கூடாது, 2 டெசிபெல் கீழே நிற்க வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியம் அசிமத். ஹெட்டிலுள்ள இடைவெளி டேப் ஓடும் திசைக்குச் சரியாகச் செங்குத்தாக நிற்க வேண்டும். 19 சென்டிமீட்டர் வேகத்தில் 10 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை டேப்பில் பிடிக்கிற இடம் 0.019 மில்லிமீட்டர்தான். ஹெட் இம்மியளவு சாய்ந்தாலும் அந்த ஒலி தன்னைத்தானே அடித்துக்கொண்டு மங்கிவிடும். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. 10 கிலோஹெர்ட்ஸை மட்டும் ஓடவிட்டுத் திருகைத் திருப்பினால் மீட்டர் ஓரிடத்தில் ஏறும், இறங்கும், தள்ளிப்போய் மறுபடி ஏறும். அந்த இரண்டாவது ஏற்றம் பொய். அதனால் முதலில் 1 கிலோஹெர்ட்ஸில் இரண்டு சேனலையும் ஒன்றாக நிறுத்து. அங்கே அலை நீளம், ஏமாறுவதற்கு இடமில்லை. பிறகு 8, அப்புறம் 10, கடைசியாக 16 என்று ஏறு. ஆசிலாஸ்கோப் இருந்தால் இரண்டு சேனலையும் எக்ஸ்-ஒய் முறையில் போட்டுப் பார்: சரியாக நிற்கும்போது வட்டம் ஒடுங்கிச் சாய்கோடாகும். தொடுமுன் திருகின் தலையிலும் பக்கத்திலும் நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டுக்கொள். உன் மாடலில், டேப்பின் அகலத்தை நாலாகப் பிரித்துப் பதிந்த க்வார்ட்டர்-ட்ராக் டேப் படிக்க நாலாவதாக ஒரு ஹெட் இருக்கிறது. அதற்கும் இதே வேலையைத் தனியாகச் செய்ய வேண்டும்.

டெஸ்ட் டேப்புக்கு அசிமத் வைத்தால் தாத்தாவின் டேப்புக்குச் சரியாகிவிடும் என்று நினைக்காதே. அவருடைய ரெக்கார்டரின் ஹெட் எந்தக் கோணத்தில் நின்றதோ அந்தக் கோணத்தில்தான் கச்சேரி பதிந்திருக்கிறது. நடுவில் அவர் ரிப்பேருக்குக் கொடுத்திருந்தால் அதற்கு முன் பதிந்தது ஒரு கோணம், பின் பதிந்தது வேறு. ஆகவே ஒவ்வொரு ஸ்பூலுக்கும் புதிதாக அசிமத் பார்க்க வேண்டும். உலக ஒலி ஆவணக் காப்பகங்களின் சங்கமான ஐ.ஏ.எஸ்.ஏ. தன் வழிகாட்டியில் வலியுறுத்துவதும் இதைத்தான். ஒவ்வொரு ஸ்பூலுக்கும் டெக்னீஷியனை வரச்சொல்ல முடியுமா? நீயே கற்றுக்கொண்டாக வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதற்காகத்தான்.

செய்வது கஷ்டமில்லை. கச்சேரி தொடங்குமுன் தம்புரா மட்டும் ஒலிக்கிற இடம் ஒன்று எப்படியும் இருக்கும். அதை ஓடவிட்டு ஹெட்ஃபோனில் கேள். திருகை அரைக்கால் சுற்றுக்கும் குறைவாக, மெல்ல இப்படியும் அப்படியும் நகர்த்து. கோணம் தப்பியிருக்கும்போது தம்புரா வெறும் ரீங்காரமாகக் கேட்கும். சரியான இடம் வந்ததும் ஜீவா நூலின் அந்தக் கரகரப்பு திடீரென்று எழும்பும்; கச்சேரி தொடங்கியதும் மிருதங்கத்தின் சாப்பும் பளிச்சென்று விழும். இரண்டு சேனலிலும் பதிந்த டேப்பாக இருந்தால் இரண்டையும் மோனோவாகச் சேர்த்துக் கேள். இன்னும் சுலபமாகப் பிடிபடும். அன்றைய வேலை முடிந்ததும் டெஸ்ட் டேப்பைப் போட்டுத் திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடு.

எந்த ஹெட் என்பதையும் கவனி. க்வார்ட்டர்-ட்ராக்கில் பதிந்ததை ஹாஃப்-ட்ராக் ஹெட்டில் ஓட்டினால் மறுபக்கத்துக் கச்சேரி தலைகீழாக அடியில் ஓடிக்கொண்டிருக்கும். அதை அலைன்மென்ட் கோளாறு என்று நினைத்துத் திருகைத் தேடாதே.

ரெக்கார்ட் பக்கம் இப்போதைக்கு உனக்குத் தேவையில்லை. பின்னால் புது டேப் வாங்கிப் பதிய ஆசை வந்தால், பதிகிற ஒலியோடு கலக்கிற பயாஸ் மின்னோட்டத்தை வைப்பதையும் கற்றுக்கொள். 1940-இல் ஜெர்மன் வானொலியில் வால்டர் வெபர் உயர் அதிர்வெண் பயாஸை டேப்புக்குக் கொண்டுவந்த பிறகுதான் அதில் இசை இசையாகக் கேட்டது. 10 கிலோஹெர்ட்ஸைத் தாழ்ந்த லெவலில் பதிந்துகொண்டே பயாஸைக் கூட்டினால் மீட்டர் ஏறி, உச்சம் தொட்டு, இறங்கத் தொடங்கும். உச்சத்திலிருந்து எவ்வளவு இறங்கி நிறுத்துவது என்பதை டேப் தயாரிப்பாளரின் தாளில் போட்டிருப்பார்கள். 38 சென்டிமீட்டர் வேகத்தில் பொதுவாக 3 டெசிபெல், 19-இல் அதைவிடக் கூடுதல். டேப் பிராண்ட் மாறினால் பயாஸும் மாறும். இதற்கும் ஒவ்வொரு தடவையும் ஆள் வைத்தால் கட்டுப்படியாகாது.

எங்கே நிறுத்த வேண்டும் என்பதற்கு ஓர் அடையாளம் சொல்கிறேன். அலைன்மென்ட்டுக்கான ட்ரிம்பாட் எதுவாக இருந்தாலும் நடுவாக்கில் எங்கேயோ சரியாக நிற்க வேண்டும். ஒன்றைக் கடைசிவரை திருப்பியும் அளவு எட்டவில்லை என்றால் அதற்கு மேல் அழுத்தித் திருப்பாதே, வேறொரு ட்ரிம்பாட்டைத் திருப்பி அதைச் சமாளிக்கவும் பார்க்காதே. கோளாறு வேறெங்கோ இருக்கிறது. ஹெட் தேய்ந்திருக்கலாம், கபாசிட்டர் போயிருக்கலாம். இயந்திரத்தை அணைத்துவிட்டு டெக்னீஷியனுக்குப் போன் செய்.

டேப் ஓடும்போது கிறீச்சென்று கத்தினாலோ ஹெட்டில் பழுப்பாகப் பிசுக்குப் படிந்தாலோ உடனே நிறுத்து. 1970, 80-களில் வந்த சில டேப்புகளில் பசை ஈரம் குடித்து இப்படி ஆகும். அவற்றை 50 டிகிரியை ஒட்டிய மிதமான சூட்டில் பல மணி நேரம் வைத்துத்தான் ஓட்ட வேண்டும். சமையலறை அவனில் நீயாக வைத்துவிடாதே, அது காப்பகத்தார் செய்கிற வேலை. இன்னும் பழைய ஸ்பூல்களை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார். சுற்றிய டேப்பின் ஊடே வெளிச்சம் கசிந்தால் அது அசிடேட், சூடே காட்டக் கூடாதது. வினிகர் வாடை அடிக்கிறதா என்றும் முகர்ந்து பார்த்து, அப்படி இருப்பதைத் தனியாக எடுத்து வை.

ஒரு நோட்டுப் போட்டுக்கொள். தேதி, ஸ்பூல் அட்டையில் தாத்தா எழுதியிருப்பது, வேகம், எந்த ஹெட், அசிமத் திருகு கோட்டிலிருந்து எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தது, எல்லாம் அதில் இருக்கட்டும். கம்ப்யூட்டரில் 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் ஏற்று. ஏற்றியபின் சத்தத்தைத் துடைக்கிற சாஃப்ட்வேர் எதையும் மூலக் கோப்பின் மேல் ஓட்டாதே.

டெக்னீஷியன் வந்து பார்த்து முடிக்கிறவரை தாத்தாவின் ஸ்பூல் ஒன்றைக்கூட அந்த இயந்திரத்தில் ஏற்ற வேண்டாம். உனக்கு எவ்வளவு ஆவலாக இருந்தாலும் பொறுத்துக்கொள். அவர் எழுதிக் கொடுக்கிற அளவுகளை அப்படியே படம் எடுத்து எனக்கு அனுப்பு. 10 கிலோஹெர்ட்ஸில் இடதும் வலதும் எவ்வளவு காட்டின என்பதை முதலில் எழுது.

அன்புடன்,
மாமா