அஞ்சி ஏறுவோர்க்கு மோட்டார் சைக்கிள் பாடம்

மோட்டார் சைக்கிள் செல்வர் வீட்டு வாகனமாக இருந்த காலம் மலையேறிவிட்டது. ஏர், தறி, பால் கேன் ஆகியவற்றைப் போல அதுவும் இன்று உழைப்பாளியின் கருவிகளுள் ஒன்றாகிவிட்டது. எனினும், எலவனாசூர்கோட்டையைச் சூழ்ந்த ஊர்களில் அதை ஓட்ட அஞ்சுவோர் இன்றும் பலர் உளர். நாற்பது வயதைக் கடந்த நெசவாளர், வீட்டுப் பொறுப்பையும் வயல் வேலையையும் ஒருங்கே சுமக்கும் தாய்மார், ஒருமுறை கீழே விழுந்தபின் வண்டியைத் தொடாதவர் எனப் பலவகையினர் அவர்கள். அவ்வச்சத்தின் விலை சிறிதன்று. சேலைக் கட்டைச் சங்கத்தில் சேர்க்க மகன் வரும்வரை காத்திருக்க வேண்டும். பால் எடுக்கும் நேரம் தவறிவிடும். பேருந்து வாராத நாளில் ஒரு நாள் வேலையே கெடும்.

மறுபுறம், அஞ்சாமல், ஆனால் கற்காமல் ஏறுவோரும் உண்டு. இவ்விரு சாராருக்கும் பயன்படுமாறு இப்பாடத்தை எழுதத் துணிந்தோம்.

அச்சம் இழிவன்று

முதற்கண் ஓர் உண்மையைத் தெளிவுபடுத்த விரும்புகிறோம். மோட்டார் சைக்கிளைக் கண்டு அஞ்சுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கின்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டவர் 1,68,491 பேர். அவர்களுள் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டிகளில் சென்றவர்கள். தலைக்கவசம் அணியாத நிலையில் உயிரிழந்தோர் மட்டும் 50,029 பேர். ஆதலின் அச்சத்திற்குக் காரணம் இருக்கிறது.

ஆனால் அச்சம் இருவகைப்படும். எதற்கு அஞ்ச வேண்டும் என்பதை அறிந்து அஞ்சுவது ஒன்று. அதற்கு எச்சரிக்கை என்று பெயர். அறியாமையால் கை கால் விறைத்துப்போவது மற்றொன்று. முன்னதை வாழ்நாள் முழுவதும் காக்க வேண்டும். பின்னதைத்தான் போக்க வேண்டும். அது அதட்டலாலும் கேலியாலும் போகாது. வேகமாக ஓட்டிப் பார்ப்பதாலும் போகாது. ஒரு நேரத்தில் ஒரே வேலையை, மெதுவாக, தக்க இடத்தில், பலமுறை செய்வதனால் மட்டுமே போகும். இக்கட்டுரை கூற வருவது இவ்வளவே.

நம் உறுப்பினருக்கு இது புதிய வித்தையும் அன்று. குழித்தறியில் அமர்ந்தவரின் ஒரு கை நாடாவை ஓட்டும் கயிற்றை இழுக்கிறது. மறு கை பலகையை அடிக்கிறது. கால்கள் மாறி மாறி மிதிக்கின்றன. கண்ணோ இழையின் மேல் இருக்கிறது. முதல் நாளே எவரும் இவ்வாறு நெய்ததில்லை. ஒவ்வோர் உறுப்பும் தன் வேலையைத் தனித்தனியே கற்றபின் நான்கும் ஒன்றாயின. மோட்டார் சைக்கிளிலும் அங்ஙனமே.

புதுக்கோட்டை காட்டிய வழி

அஞ்சியவர் ஓட்டக் கற்ற வரலாறு நம் தமிழ்நாட்டிலேயே உண்டு. 1991-ஆம் ஆண்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவுப் பணியைத் தொடங்கியது. அப்போது மாவட்ட ஆட்சித் தலைவராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்கள், சைக்கிள் பயிற்சியையும் அப்பணியோடு இணைத்தார். வயல் வேலை செய்வோர், கல் உடைப்போர், அங்கன்வாடிப் பணியாளர், ஆசிரியைகள் எனப் பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் கற்றனர். பெண்களுக்கான சைக்கிள் போதிய அளவு கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினர்.

அதில் நாம் கற்க வேண்டியவை இரண்டு. முதலாவது, அவர்கள் தனித்தனியே அன்றிக் கூட்டமாகக் கற்றனர். பலர் கூடி விழுந்து எழும் இடத்தில் ஒருவரைப் பார்த்து ஒருவர் நகைப்பதற்கு இடமில்லை. இரண்டாவது, நேற்றுக் கற்றவர் இன்று கற்பித்தார். நேற்றுக் கற்றவருக்கே தம் அச்சம் நினைவிருக்கும். ஆதலின் அவர் பொறுமையோடு சொல்லிக்கொடுப்பார்.

ஏறுமுன் செய்ய வேண்டுவன

கியர் உள்ள மோட்டார் சைக்கிளை ஓட்டுவதற்கு 18 வயது நிரம்பியிருத்தல் வேண்டும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பழகுநர் உரிமம் பெற்ற பிறகே சாலையில் பழகலாம். அவ்வுரிமம் ஆறு மாதம் செல்லும். அதைப் பெற்று 30 நாள் கழிந்தபின் நிலையான உரிமத்திற்கான தேர்வுக்குச் செல்லலாம். பழகும் வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பரப்பில் சிவப்பு ‘எல்’ எழுத்து இருத்தல் வேண்டும். கற்பிப்பவரைத் தவிர வேறு எவரையும் பின்னே ஏற்றலாகாது. வயது வராத மகனிடம் வண்டியைக் கொடுக்கும் தந்தையருக்கும் ஒரு சொல்: 2019-இல் திருத்தப்பெற்ற மோட்டார் வாகனச் சட்டப்படி, பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதத்துடன் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனையும் விதிக்கப்படலாம்.

தலைக்கவசம் ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்றதாகவும், தாடைப் பட்டை பூட்டப்பட்டதாகவும் இருத்தல் வேண்டும். பட்டை பூட்டாத கவசம் விழும்போது தலைக்கு முன்னரே தரையை அடையும். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2008-இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுரை, தலைக்கவசம் மரண வாய்ப்பை நூற்றுக்கு 42 அளவும், தலைக்காய வாய்ப்பை நூற்றுக்கு 69 அளவும் குறைப்பதாகக் கூறுகிறது. காலுக்குச் செருப்பைவிட மூடிய காலணி நலம். முந்தானையும் துண்டும் சக்கரத்தில் சிக்காதவாறு செருகிக்கொள்க.

கற்பதற்கு எடை குறைந்த வண்டியே ஏற்றது. வீட்டிலே பெரியவர் வைத்திருக்கும் பழைய புல்லட்டைக் கொண்டு பழகுவோர் ஒன்றை அறிதல் வேண்டும். 1955-இல் சென்னையில் தொடங்கப்பெற்ற என்பீல்டு இந்தியா நிறுவனத்தின் பழைய வண்டிகளில் கியர் வலக்காலிலும் பிரேக் இடக்காலிலும் இருக்கும். இக்கால வண்டிகளில் இது நேர்மாறு. அதில் பழகிய கால், பதற்றத்தில் இதில் தவறான இடத்தை மிதிக்கும்.

முதற் பாடம்: நிற்கும் வண்டி

எஞ்சினை இயக்காமல் வண்டியின் மீது அமர்க. இரு பாதங்களும் தரையில் படிய வேண்டும். இடக்கையில் கிளட்ச், வலக்கையில் முன் பிரேக், வலக்காலில் பின் பிரேக், இடக்காலில் கியர். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றையும் தொட இயலும்வரை பழகுக. பின்னர் வண்டியைத் தள்ளிக்கொண்டு களத்தைச் சுற்றி வந்து, முன் பிரேக்கால் நிறுத்துக. அதன் எடை உடம்பிற்குத் தெரிந்தாலே அச்சத்தில் ஒரு பங்கு குறையும்.

இரண்டாம் பாடம்: கிளட்ச்

அஞ்சுபவர் விழுவதற்குப் பெருங்காரணம் ஒன்றுண்டு. பதறும்போது கை, பிடியை இறுகப் பற்றுகிறது. பற்றும் வேகத்தில் ஆக்சிலேட்டர் திருகிவிடுகிறது. வண்டி பாய்கிறது, பாயவே கை மேலும் இறுகுகிறது. இதற்கு மாற்று இடக்கையில் இருக்கிறது. கிளட்சை முழுவதும் அழுத்திவிட்டால் எஞ்சின் எவ்வளவு இரைந்தாலும் அதன் விசை சக்கரத்தை அடையாது. “ஐயம் வந்தால் கிளட்ச்” என்பதையே மந்திரமாகக் கொள்க. கியரில்லா ஸ்கூட்டரில் கிளட்ச் கைப்பிடி இல்லை. அதில் பழகுவோர் வலக்கை மணிக்கட்டைத் தாழ்த்தி, பிடியைத் தளர்வாகப் பற்றப் பழகுதல் வேண்டும்.

எஞ்சினை இயக்கி, முதல் கியரில் இட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமல் கிளட்சைச் சிறிது சிறிதாக விடுக. ஓரிடத்தில் வண்டி மெல்ல நகர முனையும். அவ்விடத்தைக் கை அறிய வேண்டும். நகர்ந்தவுடன் மீண்டும் அழுத்துக. கால்களால் நடந்தவாறே இதனை ஐம்பது முறை செய்க. முதல் நாளுக்கு இதுவே போதும்.

மூன்றாம் பாடம்: நிறுத்தல்

ஓட்டுவதற்கு முன் நிறுத்தக் கற்க வேண்டும். நிறுத்தும்போது எடை முன்சக்கரத்தின் மேல் சாய்கிறது. ஆதலின் நிறுத்தும் ஆற்றலில் பெரும்பங்கு முன் பிரேக்கிற்கே உரியது. “முன் பிரேக்கைப் பிடித்தால் கவிழ்ந்துவிடும்” என்று அதனை ஒதுக்குவது தவறு. வெடுக்கெனப் பிடிப்பதுதான் கெடுதி. இரண்டையும் சேர்த்து, எலுமிச்சம்பழத்தைப் பிழிவதுபோல் படிப்படியாக அழுத்துக. மணலிலும் சேற்றிலும் மிக மெதுவாக அழுத்துக. 2019 ஏப்ரல் 1 முதல், 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்குச் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்புக் கட்டாயமாக்கப்பட்டது. பழைய வண்டிகளில் அவ்வேலையைக் கைதான் செய்ய வேண்டும்.

ஒரு சிறு கணக்கையும் நினைவிற்கொள்க. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில், ஆபத்தைக் கண்டு கை அசைவதற்குள் ஒரு விநாடி கழிந்தால் வண்டி 11 மீட்டர் சென்றிருக்கும். நல்ல சாலையில் நன்றாகப் பிரேக் பிடித்தால் மேலும் 12 மீட்டர் ஓடி நிற்கும். ஆக 23 மீட்டர். வேகம் 60 ஆனால் அதே கணக்கில் ஏறக்குறைய 44 மீட்டர் வேண்டும். வேகம் ஒன்றரை மடங்கு. தூரமோ ஏறக்குறைய இரு மடங்கு.

நான்காம் பாடம்: பார்வை

உழுபவர் கொழுவையே பார்த்து உழுதால் சால் கோணும். எதிர் வரப்பைப் பார்த்து உழுதால் நேராகும். வண்டியும் கண் செல்லும் வழியே செல்லும். பள்ளத்தையே பார்ப்பவர் பள்ளத்தில் இறங்குவார். திரும்பும்போது முன்சக்கரத்தைப் பாராமல், போக வேண்டிய இடத்திற்குத் தலையைத் திருப்புக. உரிமத் தேர்வில் எட்டு போடச் சொல்வதன் நோக்கமும் மெதுவாகச் செல்லும்போது பார்வை, கிளட்ச், சமநிலை மூன்றும் இணைகின்றனவா என்று காண்பதே.

ஐந்தாம் பாடம்: சாலை

களத்தில் கை பழகியபின் ஊர்ச்சாலைக்கு வருக. விடிந்தபின், நெரிசல் தொடங்குமுன் வருக. எலவனாசூர்கோட்டையை ஒட்டி உளுந்தூர்ப்பேட்டை–சேலம் நெடுஞ்சாலை செல்கிறது. புதியவர் அதில் பழகுதல் கூடாது. அதைக் கடக்க நேர்ந்தால், முழுவதும் நின்று இருபுறமும் நோக்கிப் பின்னரே கடக்க வேண்டும். சுற்றுவழிக்குச் சோம்பி எதிர்த்திசையில் செல்வது, பழகியவருக்கும் உயிர்க்கேடு. கரும்பு வெட்டும் பருவத்தில் அந்திக்குமேல் சுமை டிராக்டர்கள் சாலையோரம் நிற்கும். முதல் சில மாதம் இரவில் ஓட்டாதிருத்தலே நன்று. 45 கிலோ யூரியா மூட்டையையோ சேலைக் கட்டையோ ஏற்றிச் செல்வது பிற்பாடு கற்க வேண்டியது. சுமை ஏறினால் வண்டியின் சமநிலையே மாறிவிடும்.

கச்சிராயபாளையத்திலிருந்து கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு ஏறும் சாலையை இறுதிப் பாடமாகக் கொள்க. இறங்கும்போது எஞ்சினை நிறுத்துவதும் நியூட்ரலில் விடுவதும் பெருந்தவறு. ஏறுவதற்குரிய சிறிய கியரிலேயே இறங்கினால் எஞ்சினே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்கும் சூடேறாது. வளைவுகளில் ஒலி எழுப்பி, மேலேறி வருபவருக்கு வழி விடுக.

சங்கம் செய்யத்தக்கது

இவ்வளவையும் ஒருவர் தனியே கற்பது கடினம். ஐந்து அல்லது ஆறு உறுப்பினர் ஒரு குழுவாகச் சேர்ந்து, உரிமமுள்ள பொறுமைசாலி ஒருவரை அமர்த்தி, வேலையில்லாத நாட்களில் வெறுமையாய்க் கிடக்கும் நெற்களத்தில் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் பழகலாம். தாய்மாருக்குத் தாய்மாரே கற்பிப்பது மிகவும் நன்று. கற்பிப்பவர் குரலை உயர்த்தலாகாது. பின்னே அமர்ந்து கைப்பிடியைப் பறித்தலும் ஆகாது. பக்கத்தில் நடந்து வருவதே முறை. கற்பவர் “இன்று இவ்வளவு போதும்” என்று சொன்னால் அதனை ஏற்க வேண்டும்.

ஓட்டாத உறுப்பினருக்கும் இதில் கடமை உண்டு. தார்ச்சாலையில் தானியத்தைக் காயப்போடுவதும், அதைக் காக்கக் கல்லை அடுக்கி வைப்பதும், சுமை வண்டியின் பின்னே ஒளிரும் சிவப்புப் பட்டை ஒட்டாதிருப்பதும் நம்மவர் செயல்களே. பழகியவர் அவற்றை விலகிச் செல்வார். நேற்று ஏறிய புதியவர் விலக அறியார். அவர் நம் சங்கத்து நெசவாளராகவே இருக்கலாம். மணிக்கட்டு ஒன்று முறிந்தால் அவர் வீட்டுத் தறி எத்தனை மாதம் ஓடாது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒருவர் சுமையை மற்றவர் தாங்குவதே கூட்டுறவு என்றால், ஒருவர் வழியை மற்றவர் தடையின்றி வைத்திருப்பதும் கூட்டுறவே ஆகும்.