நட்சத்திரக் கோலமும் பிசாசுப் பீதியும்

மார்கழி பிறந்துவிட்டால் கோயம்புத்தூர்த் தெருக்களில் கோலங்களோடு ஒரு வதந்தியும் பிறந்துவிடுகிறது. வாசலில் ஐந்து முனை நட்சத்திரம் இடலாகாது, அது பிசாசின் முத்திரை, தலைகீழாக அமைந்துவிட்டாலோ குடும்பமே க்ஷீணித்துப் போகும் என்று பேரூரிலும் பீளமேட்டிலும் பட்டம் பெற்றவர்களே மெய்யான பீதியோடு சொல்வதைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுமை போய்விட்டது. தாவரவியல் போதித்துக் காலம் கழித்தவன் என்ற ஒரே யோக்யதையில் இதை எழுதுகிறேன்.

இந்தப் பிசாசு நம்மூர்ப் பிசாசே அல்ல. பிதாகரஸின் சீடர்கள் ஆரோக்கியத்தின் சின்னமாகப் போற்றி, ஒருவரையொருவர் இனங்கண்டுகொள்ளப் பயன்படுத்திய உருவம் இது; மத்திய காலத்துக் கிறிஸ்தவர்களோ இதில் ஏசுநாதரின் ஐந்து திருக்காயங்களைக் கண்டார்கள்; 14-ஆம் நூற்றாண்டின் ஆங்கிலக் காவியமொன்றில் கவேய்ன் என்னும் வீரன் தன் கேடயத்தில் இதையே தாங்கிப் போகிறான். நேராக நின்றால் நன்மை, கவிழ்ந்தால் பிசாசின் ஆட்டுக்கொம்பு என்ற பேதத்தைப் பிரபலப்படுத்தியவர், எலிஃபாஸ் லேவி என்ற புனைபெயரில் 1850-களில் மாந்திரீக நூல் எழுதிய பிரெஞ்சுக்காரர். 1966-இல் சான்பிரான்சிஸ்கோவில் சாத்தானுக்கென்று ஒரு சபை கண்டவர்கள் அந்தக் கவிழ்ந்த உருவத்தைக் கைக்கொள்ள, சினிமா அதை உலகெங்கும் பரப்பிற்று. அதற்காகக் கொங்கு நாட்டுப் பெண்மணி விடியற்காலையில் இட்ட கோலத்தைத் துடைப்பத்தால் அழிக்க வேண்டுமா?

அதிலும், கோலத்துக்கு மேல் ஏது, கீழ் ஏது? திண்ணையிலிருந்து பார்ப்பவருக்கு நிமிர்ந்து நிற்கும் நட்சத்திரம் வீதியில் வரும் பால்காரருக்குக் கவிழ்ந்தே தெரியும். இவர்கள் சொல்லும் சாபம் யாரைப் பிடிக்கும், வீட்டுக்காரரையா, பால்காரரையா?

ஐந்து முனைக்கு அஞ்சுகிறவர்கள், அந்தக் கோலத்தின் நடுவே சாணப் பிள்ளையார்மேல் செருகிய பூசணிப்பூவை ஒருமுறை குனிந்து பார்க்கட்டும். மஞ்சள் மடல் ஐந்தாகப் பிளந்து, ஒவ்வொரு பிளவும் கூர்நுனியோடு விரிந்திருக்கிறது. போகியன்று காப்புக் கட்டுகிறோமே, அந்த ஆவாரம்பூவுக்கும் இதழ் ஐந்து. பூளைப்பூவின் வெண்பஞ்சை விலக்கிப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் அரிசிநொய்யினும் சிறிய அந்தப் பூவிலும் ஐந்து. விநாயகருக்குச் சாத்தும் எருக்கம்பூவிலோ இதழும் ஐந்து, நடுமுடியும் ஐந்து கோணம். இன்னும் ஓர் ஆச்சரியம் உண்டு. பல பூக்களில் ஐந்து புல்லி இதழ்களும் ஒரே சமயத்தில் அரும்புவதில்லை. முதலாவதற்கு அடுத்தது பக்கத்தில் தோன்றாமல், ஏறத்தாழ 144 பாகை தள்ளித் தோன்றுகிறது. பிறந்த வரிசைப்படியே அவற்றைக் கோட்டால் இணைத்துக்கொண்டு போனால், கையெடுக்காமல் வரைகிற அதே நட்சத்திரம் கிடைக்கிறது. பிசாசுக்குப் புஷ்ப சாஸ்திரத்தில் இத்தனை பாண்டித்யமா!

மற்றப் பேச்சுகளுக்கு இவ்வளவு மசி வீண். மருதமலை முருகனுக்கு உரிய நட்சத்திரமும் இதுவும் ஒன்றுதான் என்கிறார்கள். முருகனின் அறுகோணம் இரண்டு முக்கோணங்களின் சேர்க்கை, எண்ணத் தெரிந்தவருக்குக் குழப்பமே இல்லை. பிறையோடு வருவதால் இது முஸ்லிம்களுக்கு மட்டுமே உரியது என்பார், சீனக் கொடியையும் அமெரிக்கக் கொடியையும், நம் காவல் இன்ஸ்பெக்டரின் தோள்பட்டையையும் பார்த்ததில்லை போலும்.

எனக்கு உண்மையாகவே கவலை தருவது வேறு. காப்புக் கட்டும் பூக்களை இப்போது நாற்சந்தியில் கட்டு விலை பேசி வாங்குகிறோம். தரிசையும் வேலியோரத்தையும் பொக்லைன் வைத்து வழித்துவிட்டுப் பூ எங்கே என்று தேடுகிறோம். ஒரு காலத்தில் தோல் பதனிடப் பட்டை கொடுத்த ஆவாரை தண்ணீர் கேட்பதில்லை, உரம் கேட்பதில்லை, ஆடும் அதை அவ்வளவாகக் கடிப்பதில்லை. தோட்டத்து வேலியோரத்தில் நாலு முழ அகலம் உழாமல் விடுங்கள். முற்றிய நெற்றை உடைத்து விதை எடுங்கள். தோல் கெட்டியானது, ஆகையால் கொதித்து இறக்கிய வெந்நீரில் போட்டு, அது ஆறும் வரை ஊறவைத்து, முதல் மழைக்குப் பின் ஊன்றுங்கள்.