புயல் வராத ஊரில் கடை வைத்திருப்பவர்களுக்கு

"இலங்கை நமக்கு அரண், புயல் தூத்துக்குடிப் பக்கம் வராது." தூத்துக்குடியை ஒட்டிய மாப்பிள்ளையூரணியில் டீக்கடை முதல் உப்பளம் வரை கேட்கிற பேச்சு இது. புயல் இங்கே கரையைக் கடப்பது அபூர்வம்தான். ஆனால் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்தது புயலே இல்லை. குமரிக்கடல் பக்கம் நின்ற காற்றுச் சுழற்சி. அது காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழையைக் கொட்டியது. மாவட்டத்தில் ஒரு வருடம் முழுக்கப் பெய்கிற மழையைவிட அது அதிகம். கோரம்பள்ளம் குளம் உடைந்தது. ஏரல் கடைவீதிக்குள் தாமிரபரணி புகுந்து, அடுக்கியிருந்த சரக்கெல்லாம் சேறாகிப் போனது.

"இது நூறு வருஷத்துக்கு ஒருமுறை வர்றது." 2021 நவம்பரிலும் தூத்துக்குடி தண்ணீரில்தான் நின்றது. நடுவில் இரண்டே வருடம்.

"தார்ப்பாய் போட்டாச்சு, சரக்கு பத்திரம்." உப்பு அம்பாரத்தை மூடுவது மேலிருந்து விழும் மழைக்குத்தான். வரப்பைத் தாண்டி வரும் வெள்ளம் அடியிலிருந்து கரைக்கும். மேலே தார்ப்பாய் அப்படியே இருக்க, உள்ளே அம்பாரம் இளைத்துக்கொண்டே போகும். கருவாட்டுக் கிட்டங்கியும் பலசரக்குக் கடையும் அப்படித்தான். மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை, சிமென்ட் மேடை என்று ஏற்றி வைப்பதுதான் காப்பாற்றும்.

"லோன் கொடுத்த பேங்கே இன்சூரன்ஸ் போட்டிருக்கு." இந்த நம்பிக்கைதான் பலரைக் கவிழ்க்கிறது. வங்கிக்குத் தன் கடனுக்கு ஈடான சரக்கு பத்திரமாக இருந்தால் போதும். உங்கள் முழுச் சரக்குக்கும் அது கணக்குப் பார்த்திருக்க வேண்டியதில்லை. பாலிசி நகலைக் கேட்டு வாங்குங்கள். வாடகை குறைவு என்று கிட்டங்கியை டவுனிலிருந்து மாப்பிள்ளையூரணிக்கு மாற்றியிருப்பீர்கள்; பாலிசியில் பழைய தெருப் பெயரே இருந்தால் கிளெய்மில் சிக்கல்தான். வெட்டவெளியில் கிடக்கும் சரக்கு அதில் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். தொகையைக் குறைத்துப் போட்டால் இழப்பீடும் அதே விகிதத்தில் குறையும்: 10 லட்சம் சரக்குக்கு 5 லட்சம் பாலிசி என்றால், 2 லட்சம் நஷ்டத்துக்குக் கையில் வருவது 1 லட்சம். 2021 ஏப்ரலிலிருந்து 5 கோடி ரூபாய் வரை சொத்து மதிப்புள்ள தொழில்களுக்கு 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' பாலிசி இருக்கிறது. வெள்ளம் அதிலேயே அடக்கம். தொகை 15 சதவீதம் வரை குறைந்திருந்தாலும் இழப்பீட்டை வெட்டமாட்டார்கள்.

"தண்ணி வடிஞ்சதும் முதல்ல கடையைக் கழுவணும்." முதல் வேலை போன் கேமராதான். சுவரில் தண்ணீர் ஏறிய கோடு, நனைந்த மூட்டைகள், மெஷின் நம்பர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொல்லுங்கள். சர்வேயர் பார்க்கும் முன் சரக்கைக் குப்பையில் கொட்டாதீர்கள். நனைந்த பிரிட்ஜையும் மோட்டாரையும் எலக்ட்ரீஷியன் பார்க்காமல் போடக் கூடாது. தண்ணீரில் நின்ற லோடு ஆட்டோவை ஸ்டார்ட் செய்து பார்ப்பதும் வேண்டாம். அப்படி இன்ஜின் போனால் சாதாரண வண்டி பாலிசி பெரும்பாலும் கை கொடுக்காது.

"அரசாங்கம் தரும்." 2023இல் கடுமையாகப் பாதித்த இடங்களுக்கு வந்தது ரேஷன் கார்டுக்கு 6,000 ரூபாய். அது அடுப்பெரிய வந்த பணம், கடைச் சரக்குக்கு அல்ல. போதாததற்கு, அழிந்துபோன சரக்குக்கு எடுத்த ஜிஎஸ்டி உள்ளீட்டு வரி வரவைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்கிறது சட்டம். பலருக்கு இது ஆடிட்டர் சொல்லித்தான் தெரிகிறது.

"போன்ல எல்லாம் இருக்கு." அந்த டிசம்பரில் கரண்டும் இல்லை, டவரும் இல்லை. பில், ஸ்டாக் கணக்கு, பாலிசி நகல் ஒரு செட்டை வெளியூர்ச் சொந்தக்காரர் வீட்டில் வையுங்கள். கையில் கொஞ்சம் ரொக்கமும் இருக்கட்டும். மாவட்ட அவசர எண் 1077, மாநிலத்துக்கு 1070. சுவரில் எழுதி வையுங்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். செப்டம்பருக்குள் பாலிசியை எடுத்துப் படியுங்கள். புரியாத வரியை ஏஜென்டிடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.