ஊசியும் கிளினிக் கொப்பியும்

லயத்து வீட்டில் கதவுக்குப் பின்னால், ஆணியில் ஒரு ஷொப்பிங் பேக் தொங்கும். உள்ளே கிளினிக் கொப்பி, காலை, இரவு என்று பேனாவால் எழுதிய மாத்திரை உறைகள். முன்பெல்லாம் அது அப்பாயியின் பை. இப்போது முப்பத்தைந்து வயதுக்காரனுக்கும் சுகர், பிரஷர் என்று அப்படியொரு பை வந்துவிட்டது. அவனேதான் மாலையில் டவுன் ஜிம்முக்கும் போகிறான். "ஒரு கோர்ஸ் போட்டுப் பாரு தம்பி" என்று அங்கே யாராவது சொல்கிறார்கள். போட்டது கொப்பியில் ஏறுவதில்லை. அடுத்த கிளினிக்கில் சுகரும் பிரஷரும் இரத்தமும் தலைகீழாக நிற்கும்போது டாக்டருக்கும் காரணம் பிடிபடுவதில்லை. இந்த ஸ்டீராய்டு ஊசியைப் பற்றி ஹட்டனிலும் நுவரெலியாவிலும் காதில் விழும் ஆறு பேச்சுகளை எடுத்துப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: "ஸ்டீராய்டு எல்லாம் ஒன்றுதான். அம்மாவின் வீசிங்குக்குக் கொடுத்ததும் அதுதான்."

உண்மை: பெயர்தான் ஒன்று. வீசிங் கூடும்போது கொடுக்கும் பிரெட்னிசலோன், அழற்சியை அடக்கும் மருந்து. நீண்ட நாள் எடுத்தால் அது தசையைக் கரைக்கும், சுகரை ஏற்றும். ஜிம்மில் பேசப்படுவது அனபோலிக் ஸ்டீராய்டு. ஆண் ஹோர்மோனான டெஸ்டோஸ்டிரோனும், அதைப் பார்த்துச் செய்த நான்ட்ரோலோன், ஸ்டனோசலோல் போன்றவையும் இந்த வகை. தசை வளர்ப்பது இவற்றின் வேலை. ஆஸ்துமாவுக்கு இவை மருந்தல்ல. ஜிம் ஊசியின் கெட்ட பெயரைக் கேட்டுப் பயந்து, அம்மாவின் இன்ஹேலரைப் பிடுங்கி வைப்பதும் பிழை. பல மாதம் எடுத்த பிரெட்னிசலோனைத் திடீரென்று நிறுத்தினால் ஆள் படுத்துவிடலாம். டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

நம்பிக்கை 2: "நாட்டு மருந்து, சத்து மா. இதிலெல்லாம் ஸ்டீராய்டு இருக்காது."

உண்மை: நம் நாட்டிலேயே பாடம் இருக்கிறது. 2011 கிரிக்கெட் உலகக் கிண்ண அரையிறுதி, கொழும்பு. நியூசிலாந்துடனான அந்தப் போட்டியின்போது எடுத்த பரிசோதனையில் உபுல் தரங்கவின் உடலில் பிரெட்னிசலோன் தெரிந்தது. தோள்பட்டை வலிக்கு அவர் எடுத்தது ஒரு மூலிகை மருந்து. ஆட்டத்தில் ஆதாயம் தேடும் நோக்கம் அவருக்கு இல்லை என்பது ஏற்கப்பட்டது. ஆனாலும் மூன்று மாதத் தடை விழுந்தது. தேசிய அணி வீரருக்கே கையில் இருந்த மருந்தில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியவில்லை. "உடம்பு போடும்" என்று லேபிள் இல்லாத உறையில் கிடைக்கும் மாத்திரைகளில் பிரெட்னிசலோன் வகையைச் சேர்ந்த டெக்சாமெதசோன் கலந்திருந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. அதனால் கன்னம் உப்புவது நீரும் கொழுப்பும் சேர்வதால். அதைச் சத்து என்று நினைத்து ஏமாறக் கூடாது.

நம்பிக்கை 3: "ஊசி போட்டதும் சுகர் இறங்கிவிட்டது. நோய் குணமாகிறது."

உண்மை: இறங்குவது நடக்கக்கூடியதுதான். அனபோலிக் ஸ்டீராய்டு சிலருக்குச் சுகரைக் குறைக்கும். ஆனால் சுகருக்கு எடுக்கும் கிளிக்ளசைட் மாத்திரையோ இன்சுலினோ பழைய அளவில் போய்க்கொண்டிருக்கும். இரண்டும் சேர்ந்தால் சுகர் அளவுக்கு மீறி விழும். விடியற்காலைக் குளிரில், வெறும் வயிற்றோடு மேட்டுக்கு ஏறுகிறவனுக்குத் திடீரென வியர்த்து, கை நடுங்கி, கண் இருட்டினால் அது களைப்பாக மட்டும் இருக்காது. உடனே சீனி நன்றாகப் போட்ட சாயத்தண்ணி கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 1990 அம்புலன்சை அழையுங்கள்.

கோர்ஸ் முடிந்ததும் கதை திரும்புகிறது. வெளியிலிருந்து ஹோர்மோன் வந்துகொண்டிருந்ததால் உடம்பு தன் சொந்த உற்பத்தியை மூடி வைத்திருக்கும். ஊசியும் நின்றுவிட்டால் தசை வற்றும், வயிற்றுக் கொழுப்பு கூடும், சுகர் ஏறும். ஊசியை விட்டு ஆண்டுகள் கடந்தவர்களிடமும் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்று டென்மார்க் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

நம்பிக்கை 4: "இரத்தம் ஊறும். இரத்தம் குறைந்தவர்களுக்கு நல்லதுதானே?"

உண்மை: இந்தப் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. எலும்பு மச்சை இரத்தம் உண்டாக்காத நோய்க்கு ஒக்ஸிமெத்தலோன் என்ற அனபோலிக் ஸ்டீராய்டு மருந்தாகவே பயன்பட்டது. சிறுநீரக நோயாளிகளின் இரத்தசோகைக்கு எரித்ரோபொயட்டின் என்ற மருந்து வருமுன் நான்ட்ரோலோன் கொடுத்தார்கள். ஆனால் நம் தோட்டங்களில், அதிலும் பெண்களிடம், காணும் இரத்தசோகைக்கு இரும்புச்சத்துக் குறைவு பெரிய காரணம். அதற்குத் தேவை இரும்பும் சாப்பாடும். பெண்கள் இந்த ஊசியைப் போட்டால் குரல் தடித்துவிடும்; பிறகு ஊசியை நிறுத்தினாலும் பழைய குரல் திரும்பாமல் போகலாம்.

இரத்தசோகை இல்லாதவருக்கு இரத்தம் ஊறினால் அது தடிக்கிறது. இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 54 சதவீதத்தைத் தாண்டினால், டாக்டர் எழுதிக்கொடுத்த டெஸ்டோஸ்டிரோனையே நிறுத்தச் சொல்கிறது மருத்துவ வழிகாட்டல். இரத்தக்கட்டி விழுந்து மூளையையோ நெஞ்சையோ அடைக்கும் பயம் அதில் உண்டு. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். இந்த உயரத்தில் வாழ்பவருக்கு இரத்தம் இயல்பாகவே சற்றுக் கூடியிருக்கும். அதன்மேல்தான் ஊசியும் ஏறுகிறது.

நம்பிக்கை 5: "நெஞ்சு விரிந்தவனுக்கு இருதயமும் பலம்."

உண்மை: 1988 சியோல் ஒலிம்பிக்கில் பென் ஜோன்சனின் தங்கத்தைப் பறித்தது ஸ்டனோசலோல். அடுத்த ஆண்டு வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், அதே மாத்திரையை ஆறு கிழமை எடுத்த பளு தூக்குவோரின் நல்ல கொலஸ்ட்ரோல் மூன்றில் ஒரு பங்கு விழுந்திருந்தது. 2017இல் அமெரிக்காவில் 140 பளு தூக்கும் ஆண்களைச் சோதித்தார்கள். ஒவ்வொரு துடிப்பிலும் இருதய அறையில் நிறைந்த இரத்தத்தில் வெளியே தள்ளப்படும் பங்கு, ஸ்டீராய்டு தொடாதவர்களிடம் 63 சதவீதம், எடுத்தவர்களிடம் 52 சதவீதம். வெளித்தசை பெருத்தவர்களுக்கு உள்தசை தளர்ந்திருந்தது. உடம்பில் உப்பும் நீரும் தங்குவதால் பிரஷரும் ஏறும். ஏற்கெனவே பிரஷர் மாத்திரை எடுப்பவருக்கு "மாத்திரை கேட்கவில்லை" என்று தோன்றுவது இதனால்தான்.

நம்பிக்கை 6: "நிறுத்தினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். டாக்டருக்கு ஏன் சொல்ல வேண்டும்? ஏசுவார்."

உண்மை: சில திரும்பும், சில திரும்பாது. விந்து உற்பத்தி மீள மாதக்கணக்கு ஆகும். சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேல். கல்யாணமாகிப் பிள்ளையில்லாத வீட்டில் பெண்ணை மட்டும் கோயில் கோயிலாக அனுப்புவோருக்கு இது தெரிய வேண்டும். ஊசியை விட்ட மாதங்களில் மனம் சோர்ந்து, வாழவே பிடிக்காமல் போவதும் உண்டு.

சொல்லாமல் விட்டால் வரும் கேட்டுக்கு ஓர் உதாரணம் போதும். இருதய வால்வு மாற்றியவர்களில் பலர், இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்பரின் எடுப்பார்கள். அனபோலிக் ஸ்டீராய்டு அதன் வேகத்தைப் பல மடங்கு ஏற்றிவிடும். பல் துலக்கும்போது ஈறில் தொடங்கும் இரத்தம் மூளைக்குள் கசிவதில் முடியலாம். காரணம் தெரிந்த டாக்டர் வார்பரின் அளவைக் குறைத்துக் காப்பாற்றுவார். தெரியாதவர் எதைக் குறைப்பார்?

நீண்டநாள் நோயுள்ளவர் ஊசியோ மாத்திரையோ பவுடரோ எடுத்திருந்தால், அடுத்த கிளினிக்குக்கு அந்தக் குப்பியையும் டின்னையும் அதே ஷொப்பிங் பேக்கில் போட்டுக் கொண்டுபோங்கள். டிக்கோயா ஆஸ்பத்திரியானாலும் நுவரெலியா ஆஸ்பத்திரியானாலும், பிரஷர் பார்க்கும் முன்பே எடுத்து மேசையில் வையுங்கள். டாக்டர் ஏசினால் ஏசட்டும். அந்தப் பெயரைக் கொப்பியில் எழுதச் சொல்லிவிட்டு வாருங்கள்.