நம்ம கரை மணல் எங்கிருந்து வருது?



கோட்டக்குப்பம் கரையில நாம மிதிக்கிற மணல் கடலில் விளைந்தது இல்லை. ஒரு காலத்தில் அது மலைப்பாறை. வெயிலும் மழையும் பட்டுப் பாறை விரிசல் விடுகிறது. மழைநீர் உள்ளே இறங்கி அதை மெல்ல இளக்குகிறது. இளகின பகுதி களிமண்ணாகும். கெட்டியான துகள் மணலாக மிஞ்சும். கர்நாடகத்தின் நந்தி மலைப்பக்கம் பிறக்கும் தென்பெண்ணை போன்ற ஆறுகள் அதைக் கடலில் சேர்க்கின்றன.

பிறகு அலை அதை நகர்த்துகிறது. சுமாராக மார்ச் முதல் அக்டோபர் வரை வடக்கே தள்ளும். மழைக்காலத்தில் கொஞ்சம் தெற்கே திருப்பும். கணக்குப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். 1980-களின் கடைசியில் புதுச்சேரித் துறைமுகத்துக்குக் கட்டிய அலைத்தடுப்புச் சுவர்கள் இந்த வழியை மறித்தன. தெற்கே மணல் தேங்கியது. வடக்கே நம்ம பக்கம் கரை அரிக்கிறது. படகு நிறுத்த, வலை காயவைக்க இடம் குறைந்தது.

கல் கொட்டினால் அந்த இடம் தப்பலாம். ஆனால் மணல் வராமல் வடக்கே அடுத்த குப்பம் அரிக்கும். அதனால் தனித்தனியா மனு கொடுக்க வேண்டாம். எல்லாக் குப்பத்துக் குழுக்களும் சேர்ந்து தீர்மானம் போடுவோம்: 'தெற்கே தேங்கும் மணலை எடுத்து வடக்கே சேருங்கள்!'