நிற்பது போலத் தெரியும், ஓடிக்கொண்டே இருக்கும்!
(சுண்டெலியின் குடலில் செல்கள் புதுப்பிக்கப்படும் விதம் - ஒரு பாடம்)

மூன்றாம் ஆண்டு, மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பப் பிரிவு



மெக்கானிக்கல், சிவில், எலெக்ட்ரிக்கல் என்று எல்லாப் பிரிவினரும் படிக்கும் மலர் இது. இதில் எலிக்குடலைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் ஹாஸ்டல் நண்பர்கள், "வேற டாபிக்கே கிடைக்கலியாடா உனக்கு?" என்று கேட்டுவிட்டார்கள். கிடைக்காமல் என்ன! ஆனால் இந்தப் பாடத்துக்குள் எந்தப் பிரிவு மாணவனும் ரசிக்கக்கூடிய ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. செத்துப்போன திசுத் துண்டு ஒன்றுதான் கையில் இருக்கிறது. அது உயிரோடு இருந்தபோது அதிலிருந்த செல்கள் எங்கே பிறந்தன, எந்த வேகத்தில் நகர்ந்தன, எத்தனை நாள் வாழ்ந்தன என்று அந்தத் துண்டை வைத்தே சொல்ல முடியுமா? முடியும். எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்வோம்

சிறுகுடலின் உட்புறம் வழவழப்பான குழாய் அல்ல. விரல் போன்ற நீட்சிகள் லட்சக்கணக்கில் நிற்கின்றன. பள்ளியில் படித்தோமே, குடலுறிஞ்சிகள், அவைதான். அவற்றின் அடிவாரத்தில் சின்னச் சின்னக் குழிகள் இருக்கின்றன. இவற்றுக்குக் கிரிப்ட் என்று பெயர். விரலையும் குழியையும் சேர்த்து மூடியிருப்பது ஒரே ஒரு செல் அடுக்கு, எபிதீலியம். சுண்டெலியின் ஒரு குழியில் சுமார் 250 செல்கள் இருக்கும்.

இந்த அடுக்கில் செல் பிரிதல் குழியில் மட்டுமே நடக்கிறது. விரல் பகுதியில் ஒரு செல்கூடப் பிரிவதில்லை. விரலின் நுனியில் செல்கள் உதிர்ந்து உணவுப் பாதையில் விழுந்துகொண்டே இருக்கின்றன. அப்படியானால் விரல் ஏன் குட்டையாகிவிடவில்லை? குழியில் பிறந்த செல்கள் மேலே ஏறி வந்து இடத்தை நிரப்புகின்றன. நம்ம ஹாஸ்டல் மேல்தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டாரும் ஓடுகிறது, குழாயும் திறந்திருக்கிறது. உள்ளே வருவதும் வெளியே போவதும் சமமாக இருந்தால் தண்ணீர் மட்டம் அசையாது. மட்டத்தை மட்டும் பார்ப்பவன் தண்ணீர் சும்மா நிற்கிறது என்றுதான் நினைப்பான். ஸ்லைடைப் பார்க்கிறவனுக்கும் அதே ஏமாற்றம்தான்.

முதல் வழி: கதவை மூடிவிட்டு எண்ணுவது

கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சார்லஸ் லெப்ளாண்ட், தன் சக ஆய்வாளர் ஸ்டீவன்ஸுடன் சேர்ந்து 1948இல் வெள்ளெலிகளில் செய்த ஆய்வு இது. கோல்ச்சிசின் என்ற மருந்தை எலிக்குக் கொடுத்தார்கள். பிரியத் தொடங்கிய செல்லை அது பாதி வழியில் நிறுத்திவிடும். (நம் மாநில மலரான செங்காந்தள் இருக்கிறதே, அதன் விதையிலும் கிழங்கிலும் இருக்கும் விஷம் இதுதான். மூலனூர், தாராபுரம் பக்கம் இந்த விதைக்காகவே பயிர் செய்கிறார்கள்.) மருந்து கொடுத்த பிறகு பிரிய வரும் செல்லெல்லாம் அப்படியே தேங்கி நிற்கும். கேட்டை மூடிவிட்டு, எத்தனை பேர் வந்து சேர்ந்தார்கள் என்று எண்ணுவது போல!

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் நானே வைத்துக்கொண்டவை. மருந்து கொடுத்து 6 மணி நேரம் கழித்து, 1000 செல்லுக்கு 180 செல்கள் பிரிதல் நிலையில் நிற்கின்றன. மருந்து கொடுக்காத எலியில் எந்த நேரத்திலும் 30 இருக்கும். ஆக, புதிதாக வந்தவை 150. மணிக்கு 25. 1000 செல்லும் மாற 1000 வகுத்தல் 25, அதாவது 40 மணி நேரம். இரண்டு நாள்கூட இல்லை! அவர்களுக்கு உண்மையில் கிடைத்த விடையும் ஒன்றரை நாளை ஒட்டித்தான் இருந்தது.

இரண்டாம் வழி: அடையாளம் போட்டு அனுப்புவது

வேகம் தெரிந்தது. ஆனால் செல் நகர்வதை யார் பார்த்தார்கள்? அதற்கு அடையாளம் வேண்டும். பிரியப் போகும் செல் தன் டி.என்.ஏ.வைப் பிரதி எடுக்கும். அதற்குத் தைமிடின் தேவை. தைமிடினில் சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதில் கதிரியக்கமுள்ள டிரிட்டியத்தை வைத்து ஊசி போட்டால், அந்த நேரத்தில் பிரதி எடுக்கும் செல்கள் மட்டும் அதை வாங்கிக்கொள்ளும்.

பிறகு திசுவை மெல்லிசாக வெட்டி ஸ்லைடில் ஒட்டி, இருட்டறையில் போட்டோ எமல்ஷனைப் பூசி, வெளிச்சம் புகாத பெட்டியில் வாரக்கணக்கில் வைப்பார்கள். எமல்ஷனை நேரடியாகத் திசுமேல் பூசும் முறையை லெப்ளாண்டும் பெலாஞ்சரும் 1946இல் வெளியிட்டிருந்தார்கள். டிரிட்டியத்தின் கதிர் திசுவில் சராசரியாக ஒரு மைக்ரான் அளவுதான் போகும். அதனால் டெவலப் செய்யும்போது அடையாளம் வாங்கிய நியூக்ளியஸின் தலைக்கு மேலேயே கறுப்புப் புள்ளிகள் விழும். பக்கத்துச் செல்லோடு குழப்பம் வராது.

ஒரே எலியை இரண்டு முறை பார்க்க முடியாது. ஆகவே ஒரே வயதுள்ள பல சுண்டெலிகளுக்கு ஒரே நேரத்தில் ஊசி போட்டு, ஒரு மணி நேரத்தில் ஒன்று, ஒரு நாளில் ஒன்று, இரண்டு நாளில் ஒன்று என்று எடுப்பார்கள். ஒவ்வொரு எலியும் சினிமாச் சுருளில் ஒரு பிரேம் மாதிரி. முதல் பிரேமில் புள்ளிகள் குழியில் மட்டும். அடுத்ததில் விரலின் அடியில். அப்புறம் நடுவில். மூன்று நாள் வாக்கில் நுனியருகே. அதற்குப் பிறகு பார்த்தால் ஆளையே காணோம், உதிர்ந்தாச்சு! லெப்ளாண்டும் மெசியேயும் 1958இல் சுண்டெலியில் காட்டியது இதைத்தான்.

மூன்றாம் கேள்வி: தாய் யார்?

எபிதீலியத்தில் உணவை உறிஞ்சும் செல், சளி சுரக்கும் கோப்பைச் செல், ஹார்மோன் செல், குழியின் அடியில் குடியிருக்கும் பானெத் செல் என்று முக்கியமாக நான்கு வகை. (பானெத் மட்டும் மேலே ஏறாது. அடியிலேயே வாரக்கணக்கில் வாழும்.) நாலுக்கும் ஒரே தாயா, தனித்தனித் தாயா?

1974இல் ஹேசல் செங், லெப்ளாண்ட் இருவரும் பானெத் செல்களுக்கு இடையே நெருக்கியடித்து நிற்கும் ஒல்லியான செல்களைக் கவனித்தார்கள். டிரிட்டியத்தின் கதிர்வீச்சால் இவற்றில் சில செத்துப்போயின. பக்கத்திலிருந்த அதே வகைச் செல்கள் அந்தப் பிணத்தை விழுங்கின. விழுங்கிய துணுக்கில் கதிரியக்கம் இருந்தது! முதலில் ஒல்லிச் செல்களுக்குள் மட்டும் தெரிந்த அந்தத் துணுக்கு, நேரம் போகப் போக நான்கு வகைச் செல்களுக்குள்ளும் தெரிந்தது. விழுங்கியவள்தான் நாலு பேருக்கும் தாய் என்பது அவர்கள் வாதம். ஆய்வுக்கு இடைஞ்சல் என்று ஒதுக்கியிருக்கக்கூடிய ஒன்றே சாட்சியாக மாறியது.

எல்லோரும் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. இங்கிலாந்தின் கிறிஸ்டோபர் பாட்டன், அடியிலிருந்து எண்ணினால் நான்காம் இடத்தருகே இருக்கும் செல்லே தாய் என்று வாதிட்டார். டிரிட்டிய அடையாளம் ஒவ்வொரு பிரிதலிலும் பாதியாகி மங்கிவிடும். எனவே தலைமுறை தலைமுறையாக மங்காத அடையாளம் தேவைப்பட்டது. 2007இல் நெதர்லாந்தின் உட்ரெக்டில் நிக் பார்க்கர், ஹான்ஸ் கிளவர்ஸ் குழுவினர் எல்.ஜி.ஆர்.5 என்ற ஜீன் வேலை செய்யும் ஒல்லிச் செல்களுக்கு மட்டும், வாரிசுகளுக்கும் போய்ச் சேரும் நீல அடையாளத்தைப் போட்டார்கள். குழியின் அடியிலிருந்து விரல் நுனி வரை நீல நாடா ஓடியது. இரண்டு மாதம் கழித்தும் அது மறையவில்லை. லெப்ளாண்ட் அதே ஆண்டு ஏப்ரலில் 97ஆம் வயதில் காலமானார். 2009இல் கிளவர்ஸ் ஆய்வகத்தில் சாட்டோவும் மற்றவர்களும் இப்படிப்பட்ட ஒற்றைச் செல்லிலிருந்தே குழியும் விரலுமாகக் குட்டிக் குடலை வளர்த்துக் காட்டினார்கள்.

இதனால் நமக்கு என்ன?

எங்கள் பெரியம்மாவுக்குப் புற்றுநோய் சிகிச்சை நடந்தது. ஒவ்வொரு முறை மருந்து ஏற்றிய பிறகும் வாய்ப்புண், வயிற்றுப்போக்கு, முடி உதிர்வு. "மருந்து சேரலை, நிறுத்திடலாம்" என்று வீட்டில் பேச்சு வந்தது. அப்போதுதான் இந்தப் பாடத்தை நடத்தி முடித்திருந்தார்கள். அவர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். இந்த மருந்துகளில் பல, பிரியும் செல்லைத்தான் தாக்கும். புற்று செல் மட்டுமா பிரிகிறது? வாய், குடல், முடிவேர், எலும்பு மஜ்ஜை எல்லாம் நாள்தோறும் பிரிகிற இடங்கள். மனிதக் குடலிலும் இந்த அடுக்கு சுமார் 3 முதல் 5 நாளில் மாறுகிறது. அடுத்த ஊசிக்கு முன் இடைவெளி விடுவது, மிஞ்சிய தாய்ச் செல்கள் மறுபடி நிரப்ப அவகாசம் தருவதற்கும்தான். பெரியம்மா, "அப்ப உள்ளே தோல் தானா முளைக்கும்ங்கிறியா?" என்று கேட்டார். "ஆமாம் பெரியம்மா" என்றேன். சிகிச்சையை முழுசாக முடித்தார்.

டெக்னீஷியன் கையில்

பேராசிரியர்கள் பெயர்தான் புத்தகத்தில் வரும். ஆனால் மேலே சொன்ன எல்லாமே நல்ல ஸ்லைடை நம்பித்தான் நிற்கின்றன. குடல் சீக்கிரம் கெடும் திசு. எடுத்த உடனே பார்மலினில் போடாவிட்டால் விரல் நுனி முதலில் சிதையும். பாரஃபினில் புதைக்கும்போது திசு சாய்ந்தால் குழி குறுக்கே வெட்டுப்படும். எண்ணிக்கை தப்பும். செல் பிரியும் வேகம் பகலுக்கும் இரவுக்கும் மாறும் என்பதால் திசு எடுத்த மணியைக் குறிக்க வேண்டும். இதெல்லாம் டிப்ளமோ படித்த நம்மைப் போன்றவர்களின் வேலை.

எங்கள் ஹிஸ்டாலஜி லேபுக்கு வாருங்கள். ஹிமடாக்ஸிலின்-ஈயோசின் சாயமிட்ட குடல் ஸ்லைடை வைத்து முதலில் 10 லென்ஸில் நெடுக வெட்டுப்பட்ட ஒரு குழியைக் கண்டுபிடியுங்கள். பிறகு 40க்கு மாற்றுங்கள். அடியில் சிவப்புத் துகள்களோடு இருப்பவை பானெத் செல்கள். வெளுத்துக் கோப்பை போலத் தெரிபவை சளிச் செல்கள். குழியின் நடுத் துவாரத்தை ஒட்டி, கறுப்பாகத் திரண்ட குரோமோசோமோடு ஒரு செல் நிற்கும். அது பிரியும்போதே பிடிபட்ட செல். அந்த மாதிரி செல்லைக் குழியில் எண்ணுங்கள், விரலிலும் தேடுங்கள். விரலில் ஒன்றுகூடக் கிடைக்காது. அப்போது தெரியும், அந்தத் தொட்டியில் தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று.