இசைத்தட்டும் ஊசிமுனையும்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு நாள் மாலை விடுதி மாணவர் நால்வர் என்னிடம் வந்தனர். தாம் பணம் சேர்த்துப் பழைய இசைத்தட்டு யந்திரம் ஒன்று வாங்கியிருப்பதாகவும், அதன் ஒலி மனத்துக்கு நிறைவளிக்கவில்லையென்றும், கையில் மீந்திருக்கும் தொகையைக் கொண்டு ஆம்பிளிபயரை மாற்றுவதா, ஸ்பீக்கர்களை மாற்றுவதா என்றும் வினவினர். "இரண்டும் வேண்டா, முதலில் ஊசியைக் காட்டுங்கள்" என்றேன். அவர்கள் முகத்தில் ஏமாற்றம் தோன்றிற்று. அன்று அவர்களுக்கு யான் சொல்லியவற்றையும், விடுதி மணி அடித்துவிட்டமையாற் சொல்லாது விட்டவற்றையும் ஒருவாறு கோவைப்படுத்தியதே இக்கட்டுரை.

1982ஆம் ஆண்டில் குறுந்தகடு கடைக்கு வந்த பின்னர், இசைத்தட்டின் ஆயுள் முடிந்ததென்றே பலரும் எண்ணினர். ஆனால் 2022ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் விற்ற இசைத்தட்டுகளின் எண்ணிக்கை, 1987க்குப் பின் முதன்முறையாகக் குறுந்தகடுகளின் எண்ணிக்கையை விஞ்சிற்று. ஆதலால் இவ்வாராய்ச்சி பழம்பொருட் காட்சிச்சாலைக்கு மட்டும் உரியதன்று.

மேனாட்டார் 'ஹை-பை' என்று சுருக்கிச் சொல்வதை நாம் 'வழுவா ஒலி' எனலாம். பாடினார் பாடியபடியே, கூட்டாமலும் குறையாமலும் கேட்பார் செவிக்குச் சேர்ப்பது அதன் நோக்கம். ஒலி வரும் வழியை ஒரு வாய்க்காலுக்கு ஒப்பிட்டால் தலைமடை ஊசிமுனை, கடைமடை ஸ்பீக்கர். தலைமடையிற் கலங்கிய நீர் கடைமடையிற் போய்த் தெளிவதில்லை. விலையுயர்ந்த ஸ்பீக்கர் செய்வதெல்லாம் அக்கலக்கத்தை இன்னும் நன்றாக எடுத்துக்காட்டுவதே.

இனி, ஊசி ஓடும் சாலைப் பற்றிச் சிறிது. 1877இல் எடிசன் உருளையிற் குரலைப் பதித்தார். 1887இல் பெர்லினர் தட்டையான தட்டை நமக்குத் தந்தார். நிமிஷத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டுக்கு மூலப்பொருள் அரக்கு. அது பெரும்பாலும் நம் இந்திய நாட்டுக் காடுகளிலிருந்தே உலகெங்கும் சென்றது. அவ்வரக்கிற் கல்மாவு கலந்திருந்தமையால், எஃகு ஊசி ஓடும்போதே அரைபட்டுச் சாலின் வடிவைப் பெறும். ஊசி தேய வேண்டுமென்பதே அக்காலத்து ஏற்பாடு. ஒரு பக்கம் பாடியதும் ஊசியை எறிந்துவிடுவர். 1948இல் கொலம்பியா நிறுவனத்தார் நிமிஷத்துக்கு 33⅓ முறை சுழலும் நெடுந்தட்டை வெளியிட்டனர். இதன் பொருள் வினைல். சாலும் மிக நுண்ணியது. இங்கே தேய வேண்டியது ஊசியுமன்று, தட்டுமன்று. பின்னர் 1958இல் இருவழி ஒலித்தட்டுகள் கடைக்கு வந்தன. சாலின் இரு சுவர்களும் 45 பாகை சாய்ந்து நிற்க, ஒரு சுவர் இடக்காதுக்கும் மற்றது வலக்காதுக்கும் உரியதாகும். இதனை ஆங்கிலேயராகிய ஆலன் புளும்லைன் 1931இலேயே எழுதிக் காப்புரிமைக்கு விண்ணப்பித்திருந்தார் என்பது வியக்கத்தக்கது.

ஊசி தட்டை அழுத்தும் பாரம் இக்காலத்தில் ஏறக்குறைய 2 கிராம்; சுமார் நூறு நெல்மணிகளின் எடை. இது ஒரு பொருட்டா எனலாம். கணக்கிட்டுப் பார்ப்போம். ஊசிமுனை சாலைத் தொடும் பரப்பு ஒரு சதுர மில்லிமீட்டரில் ஆயிரத்திலொரு பங்கு என்றே வைத்துக்கொண்டாலும், அங்கு ஏற்படும் அழுத்தம் வாயுமண்டல அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய இருநூறு மடங்காகும். உண்மையில் தொடும் பரப்பு இதனினும் பன்மடங்கு சிறிது. ஆகவே அழுத்தமும் அத்துணை மடங்கு பெரிது. முனை உருண்டு வழுவழுப்பாயிருக்குமட்டும் வினைல் அதைப் பொறுத்துக்கொள்ளும். முனை தேய்ந்து பட்டையாகிவிட்டாலோ, பட்டையின் விளிம்பு உளியாகிச் சாலின் சுவரைச் செதுக்கத் தொடங்கும்.

வைரம் தேயுமோ என்பீராயின், அது நடக்கும் தூரத்தை நோக்குக. 22 நிமிஷம் ஓடும் ஒரு பக்கத்தில் தட்டு 733 முறை சுழல்கிறது. சாலின் நீளம் ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர். ஆயிரம் மணி நேரத்தில் ஊசி 1,290 கிலோமீட்டர் நடந்துவிடும். சென்னையினின்று கன்னியாகுமரிக்குப் போய் மீளும் தூரத்துக்கு அது சற்றே குறைவு. ஆகவேதான் வைர ஊசியின் வாழ்நாளை ஐந்நூறு முதல் ஆயிரம் மணி என்று வரையறுக்கின்றனர்.

இவ்விடத்தில் என் சொந்த அறியாமையைச் சொல்லாமல் இருக்கவியலாது. ஆசிரியத் தொழிலிற் சேர்ந்த புதிதில், என் தந்தையார் 1970களில் வாங்கிப் பேணிவந்த நாகசுரத் தட்டு ஒன்றைப் பழைய யந்திரத்தில் இட்டு நாள்தோறும் கேட்டுவந்தேன். உச்ச ஸ்தாயியில் ஒலி கரகரத்தது. இரண்டு மாதச் சம்பளத்தில் ஆம்பிளிபயரை மாற்றினேன், கரகரப்பு உரத்தது. கடன் வாங்கி ஸ்பீக்கர்களை மாற்றினேன், கரகரப்பு தெளிந்தது. ஊசியைப்பற்றி ஒரு கடைக்காரரிடம் கேட்டேன். "வைரம் எங்கேயாவது தேயுமா, சார்?" என்று அவர் சிரித்தார், யானும் சிரித்தேன். ஓராண்டு கழித்து ஊசியை நுண்ணோக்கியின்கீழ் வைத்துப் பார்த்தபோது, முனையின் இருபுறமும் இரண்டு பட்டைகள் கண்ணாடித்துண்டுபோல் பளிச்சிட்டன. புதிய ஊசி பூட்டினேன். மற்றத் தட்டுகள் உயிர்பெற்றன; தந்தையார் தட்டு மட்டும் இன்றும் அதே இடத்திற் கரகரக்கின்றது. ஊசியின் வழு சாலிலே பதிந்துவிட்டது. ஆம்பிளிபயரை விற்கலாம், ஸ்பீக்கரை மாற்றலாம். செதுக்கப்பட்ட சாலைத் திருப்பிக் கட்டுவார் இல்லை. அவர் விரும்பிக் கேட்ட தோடி அந்தப் பக்கத்திலேயே இருக்கின்றது.

ஊசிமுனையின் வடிவமும் ஆராய்தற்குரியது. தட்டின் வெளி ஓரத்தில் சால் ஊசியைக் கடக்கும் வேகம் வினாடிக்கு 51 சென்டிமீட்டர். உள் ஓரத்தில் 21 சென்டிமீட்டரே. வினாடிக்குப் பதினாயிரம் அதிர்வுள்ள ஒலியின் ஓர் அலை வெளி ஓரத்தில் 51 மைக்ரான் நீளமும், உள் ஓரத்தில் 21 மைக்ரான் நீளமும் கொள்ளும். சாதாரண உருண்டை முனையின் ஆரம் 18 மைக்ரான். அகன்ற சக்கரமுள்ள வண்டி சிறு குழிகளில் இறங்காது மேலே தாவிச் செல்வதுபோல், அம்முனை உள்ளோரத்து நுண்ணலைகளைத் தாவிவிடும். நீள்வட்ட முனைக்கோ பக்கவாட்டு ஆரம் 5 முதல் 8 மைக்ரான். அது குழிதோறும் இறங்கி ஏறும். நம் கச்சேரித் தட்டுகளில் துக்கடாக்கள் பெரும்பாலும் பக்கத்தின் கடைசியிலேயே வருவதும், அங்கே 'ச'கரமும் 'ஸ'கரமும் சீறுவதும் கேட்டிருப்பீர்கள். பாடகர்மேற் குற்றமில்லை. உருண்டை முனையை விடுத்து நீள்வட்ட முனையை வாங்குவதே, செலவழிக்கும் பணத்துக்கு மிகுந்த பயன் தரும் முதல் மாற்றம் என்பது என் துணிபு. பல கார்ட்ரிட்ஜ்களில் ஊசியை மட்டும் கழற்றி மாற்றலாம். முழுவதையும் வாங்க வேண்டுவதில்லை.

ஊசி நல்லதாயின் அடுத்து அது நிற்கும் நிலை. தட்டை வெட்டிய யந்திரத்தில் வெட்டூசி விட்டத்தின் வழியே நேர்க்கோட்டிற் சென்றது. நம் வீட்டு யந்திரத்தில் ஊசியைத் தாங்கும் கை ஒரு முளையைச் சுற்றி வில்வடிவாகச் செல்கிறது. ஆகவே சாலுக்கும் ஊசிக்கும் கோணம் பிசகும். இப்பிசகைக் குறைக்கும் கணிதத்தைச் சுவீடன் தேசத்து லோப்கிரன் 1938இலும், பேர்வால்டு 1941இலும் விளக்கினர். கையைச் சற்றே நீட்டி, தலையைச் சற்றே உட்புறம் வளைப்பதே அவர்கள் கண்ட வழி. முளையிலிருந்து ஊசிமுனை வரை 230 மில்லிமீட்டர் நீளமுள்ள கையாயின், ஊசிமுனை தட்டின் நடுமுளையை 18 மில்லிமீட்டர் கடந்து நிற்க வேண்டும். தலையின் வளைவு 24 பாகை. அப்போது நடுவினின்று 66 மில்லிமீட்டரிலும் 121 மில்லிமீட்டரிலும் பிசகு முற்றும் நீங்கி, மற்ற இடங்களிற் சொற்பமாகவே இருக்கும். இதற்கு வேண்டிய கருவி கோடு கிழித்த ஒரு காகிதமும், ஒரு திருப்புளியும், அரைமணிப் பொறுமையுமே. ஒரு காசும் செலவில்லாத இச்சீர்திருத்தத்தைச் செய்யாமலே வருஷக்கணக்காகக் கேட்போர் பலர்.

பாரத்தைப்பற்றி ஒரு தப்பெண்ணம் உண்டு. குறைத்தால் தட்டுக்கு நன்மை என்பர். உண்மை அதற்கு மாறானது. பாரம் போதாத ஊசி உரத்த இடங்களிற் சுவரைவிட்டுத் துள்ளி மீண்டும் விழும். ஒவ்வொரு வீழ்ச்சியும் ஒரு காயம். செய்தவர் குறித்த எல்லைக்குள் மேல்வரம்பை ஒட்டி வைப்பதே தட்டுக்குப் பாதுகாப்பு. கிராமிற் பத்திலொன்று காட்டும் சிறு தராசு இன்று மலிவாய்க் கிடைக்கின்றது.

வேகத்தைப்பற்றிய சோதனை மாணவர்க்கு ஒரு விளையாட்டு. நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று உடையது. அதில் எரியும் பழைய குழல்விளக்கு வினாடிக்கு 100 முறை மினுக்கும். 180 கோடுகள் கிழித்த வட்டக் காகிதத்தைத் தட்டின்மேல் வைத்துச் சுழற்றினால், வேகம் 33⅓ ஆகும்போது கோடுகள் அசையாது நிற்பதுபோலத் தோன்றும். இக்காலத்து எல்.இ.டி. விளக்குகளிற் பல இவ்வாறு மினுக்குவதில்லையாதலால் விளக்கைத் தேர்ந்து கொள்க. நம் பழைய மாணவர் ஒருவர் அமெரிக்காவினின்று ஒரு பழைய யந்திரத்தை அரிதிற் கொணர்ந்து, எல்லாப் பாடகிகளும் ஆண்குரலிற் பாடுவதாக வருந்தினார். அந்நாட்டு மின்சாரம் 60 சுற்று. அதன் மோட்டாரோ மின்சாரச் சுற்றுக்கு இசைந்தே ஓடும் வகை. இங்கே அது ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் ஓடிற்று. சுருதி மூன்று ஸ்வரஸ்தானத்துக்குச் சற்று மேலாகவே இறங்கிவிட்டது. மோட்டாரின் சிறு கப்பியை மாற்றியதும் பாடகிகள் தம் குரலை மீளப் பெற்றனர்.

விடுதி மாணவரின் யந்திரத்தில் வேறொரு குற்றமும் இருந்தது. ஒலி மெலிந்தும், கனமின்றிக் கீச்சென்றும் வந்தது. தட்டை வெட்டுங்கால் தாழ்ந்த ஸ்வரங்களை அப்படியே பதித்தால் சால் மிக அகன்று பக்கத்துச் சாலை இடிக்கும். ஆதலால் அவற்றைக் குறைத்தும், உயர்ந்தவற்றை மிகுத்தும் பதிக்கின்றனர். 1954 முதல் இதற்கென ஒரே அளவு வழங்கி வருகின்றது. கேட்கும்போது அதைத் தலைகீழாக்க வேண்டும். மேலும் கார்ட்ரிட்ஜிலிருந்து வரும் மின்னழுத்தம் வோல்ட்டில் ஆயிரத்திலொரு கூறாக நான்கைந்தே. குறுந்தகட்டு யந்திரமோ ஏறக்குறைய 2 வோல்ட் தரும். இவ்விரு குறைகளையும் நிரப்புவது போனோ ஆம்பிளிபயர் என்னும் சிறு பெட்டி. மாணவர்கள் அதை விடுத்து நேரே இணைத்திருந்தனர். அதனோடு வரும் மெல்லிய புவிக்கம்பியையும் பூட்டாவிட்டால் 50 சுற்று மின்சாரம் தேனீக்கூட்டம்போல் இரையும்.

ஸ்பீக்கரையும் ஆம்பிளிபயரையும் பற்றி நீள எழுத விருப்பமில்லை. 50 வாட்டை 100 வாட் ஆக்கினால் கிடைப்பது மூன்று டெசிபெல் மட்டுமே. செவிக்கு இருமடங்காகத் தோன்ற ஏறக்குறையப் பத்து மடங்கு வாட் வேண்டும் என்பதை அறிந்தபின் விளம்பரங்களைப் படியுங்கள். கம்பிகளுக்கு ஆயிரக்கணக்கிற் கொடுப்பாரைப் பற்றி யான் ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் அறையைப்பற்றிச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் தரை சிமெண்டு, சுவர் சாந்து, கைதட்டினால் எதிரொலிக்கும். தரையில் ஒரு பவானி ஜமுக்காளத்தை விரித்து, சுவரோரம் புத்தக அலமாரியை நிறுத்தி, இரண்டு ஸ்பீக்கரும் கேட்பவரும் சமபக்க முக்கோணமாக அமர்ந்தால், அவ்வறையே வேறாகிவிடும். யந்திரத்தை ஸ்பீக்கர் இருக்கும் மேசையிலேயே வைத்தல் தகாது; அதிர்ச்சி ஊசிக்குத் திரும்பி வந்து ஊளையிடும். சுவரிற் பதித்த கடப்பைக்கல் தட்டு மிக நன்று.

மாணவர்களின் ஊசியைத் தாவரவியல் துறையின் நுண்ணோக்கியிற் பார்த்தோம். யான் அஞ்சியபடியே இரு பட்டைகள் பளிச்சிட்டன. அன்றிரவே அவர்கள் தட்டுகளையெல்லாம் உறையிலிட்டு, நீள்வட்ட ஊசி ஒன்றும் போனோப் பெட்டி ஒன்றும் தருவித்து, அவை வருமளவும் பன்னிரண்டு நாள் யந்திரத்தைத் தொடாதிருந்தனர். காகிதம் வைத்துக் கோணம் பார்த்தவன் கணித மாணவன். சேர்த்த தொகையில் மூன்றிலொரு பங்குகூடச் செலவாகவில்லை. மீதியில் ஒரு ஜமுக்காளமும், தூசு துடைக்கும் மென்தூரிகையும், இரண்டு நாகசுரத் தட்டுகளும் வாங்கினர். அவற்றுள் ஒன்று என் தந்தையாருடைய அதே தட்டு. யாரோ பேணி வைத்திருந்த பிரதி. தோடியைக் கேட்க என்னை அழைத்திருந்தார்கள், சென்று கேட்டேன்.